ஆக்ரன்: கூட்டம் தேடி வருவோரின் நகரம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாண்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பழைய ஒஹாயோ–ஈரி கால்வாய் ஏறிக் கடந்த மேட்டு நிலத்தில் அமைந்த ஆக்ரன் நகரம், குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் ஆகிய மூன்று பெரும் டயர் நிறுவனங்களை வளர்த்துவிட்டு, அவற்றின் டயர் ஆலைகளில் பெரும்பாலானவற்றை 1980களுக்குள் இழந்துவிட்ட ஊராகும். உலகின் ரப்பர்த் தலைநகர் என்ற பழைய பட்டத்தை உள்ளூர் அருங்காட்சியகங்களும் மூத்த குடிமக்களும் நினைவில் வைத்திருக்கிறார்களே தவிர, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கில் வெளியூரிலிருந்து வந்து இறங்குவோர் டயரின் வரலாற்றை நாடி வருவதில்லை. அவர்கள் மதுவை விட்டவர்கள், அல்லது விட முயல்பவர்கள், ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் இவ்வூரில் பிறந்தது என்பதால் வருகிறார்கள்.

குடி தன் கட்டுப்பாட்டை மீறிப்போய், நிறுத்த வேண்டும் என்று உள்ளபடியே விரும்பியும் நிறுத்த இயலாத நிலையை அடைந்தவரைக் குடிநோயாளி என்பர். அத்தகையோர் தம் முழுப் பெயரையும் பின்னணியையும் வெளியிடாமல் ஓர் அறையில் கூடி, தத்தம் அனுபவத்தைப் பேசி, ஒருவர் மற்றவருக்குத் துணையாக இருப்பதே ஏ.ஏ. அமைப்பின் முழு நடைமுறையும் ஆகும். அதற்குச் சந்தா கிடையாது, உறுப்பினர் பதிவேடு கிடையாது, உத்தரவிடும் தலைமையும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. ஆயினும் பெயரை மறைத்துக்கொள்ளும் இவ்வமைப்பு, தான் கூடும் இடத்தை மட்டும் மறைத்துவிட இயலாது. நடுக்கம் தொடங்கிவிட்ட ஒருவர், அதுவரை அறிமுகமே இல்லாத ஊரில், அன்றிரவே அந்த அறையைக் கண்டுபிடித்தாக வேண்டும். மறைவும் கண்டடையப்படுதலும் ஒன்றோடொன்று முரண்படும் இந்தச் சிக்கலை ஏ.ஏ. எவ்வாறு தீர்த்துக்கொண்டது என்பதை, ஆக்ரனின் தெருக்களில் இடம் இடமாக நடந்து பார்க்க முடியும்.

நடை தொடங்க வேண்டிய இடம் நகர மையத்தில் சவுத் மெயின் தெருவில் நிற்கும் மேஃபிளவர் கட்டடம். 1931இல் ஆடம்பர ஹோட்டலாகத் திறக்கப்பட்டுப் பிற்காலத்தில் முதியோர் குடியிருப்பாக மாறிய இக்கட்டடத்தின் முன்கூடத்தில்தான், 1935 மே 11ஆம் நாள் சனிக்கிழமை, நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சன் தனித்து நின்றார். டயர் ஆலைகளுக்கு எந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கைப்பற்றுவதற்காக, பங்குதாரர்களின் வாக்குரிமைப் பத்திரங்களைத் திரட்டி நடத்திய போட்டியில் அவர் தரப்பு தோற்றிருந்தது. உடன் வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. கூடத்தின் ஒருபுறம் மதுக்கூடத்திலிருந்து பேச்சொலி வந்துகொண்டிருந்தது, மறுபுறம் உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலும் ஒரு தொலைபேசியும் இருந்தன. அந்த ஐந்து மாதங்களில் அவர் நியூயார்க்கில் பல குடிநோயாளிகளைத் திருத்த முயன்றும் ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் முயன்ற காலம் முழுவதும் அவர் குடிக்கவில்லை. தான் தப்பிக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். பட்டியலில் கண்ட வால்டர் டங்ஸ் என்ற பாதிரியாரை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். அந்தப் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துக்கொண்டே போனதில், கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் எண் கிடைத்தது.

மதுவை விட்டவர்களின் நூல்களில் இந்தத் தொலைபேசிக் காட்சி தெய்வ சங்கற்பமாகவே சொல்லப்படுகிறது. ஊரின் வரலாற்றை அறிந்தவருக்கு அதில் ரப்பரின் பங்கும் தெரியும். டங்ஸ் பாதிரியார் ஃபயர்ஸ்டோன் குடும்பத்தின் திருச்சபையைச் சேர்ந்தவர். அக்குடும்பத்தின் மகன் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற கிறிஸ்தவச் சீர்திருத்த இயக்கத்தின் வழியாகக் குடியிலிருந்து மீண்டதற்கு நன்றியாகத் தந்தை ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1933 ஜனவரியில் அவ்வியக்கத்தின் பெரியதொரு குழுவை ஆக்ரனுக்கு வரவழைத்து நகரெங்கும் கூட்டங்கள் நடத்தச் செய்தார். பாவத்தை ஒப்புக்கொள்ளல், செய்த தீங்குக்கு ஈடு செய்தல், அனுபவத்தைப் பிறரோடு பகிர்தல் ஆகியவற்றை வலியுறுத்திய அவ்வியக்கத்தில் அப்போது சேர்ந்தவர்களுள் ஹென்ரியெட்டாவும் ஒருவர். அவர் குட்இயர் நிறுவனர் ஃபிராங்க் சைபர்லிங்கின் மருமகள். பில் வில்சனும் நியூயார்க்கில் இதே இயக்கத்தினூடேதான் குடியை விட்டிருந்தார். ஆகவே அவர் ஹோட்டல் கூடத்தில் கண்மூடித்தனமாகத் துழாவினார் என்பதைவிட, டயர் செல்வம் இரண்டாண்டுகளுக்கு முன்பே விரித்துவைத்திருந்த ஒரு வலையின் நுனியைத் தொட்டார் என்று கொள்வதே பொருந்தும்.

நகரின் வடமேற்கில், 65 அறைகள் கொண்ட சைபர்லிங் மாளிகையான ஸ்டான் ஹைவெட், 1912க்கும் 1915க்கும் இடையே ஆங்கிலேய டியூடர் பாணியில் கட்டப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மாளிகையையும் மலர்த்தோட்டங்களையும் காண வரும் கூட்டம் ஒருபுறமிருக்க, வாயிலருகே இருக்கும் காவல் இல்லத்தோடு நின்றுவிட்டுத் திரும்பும் பயணிகளும் உண்டு. ஹென்ரியெட்டா தம் பிள்ளைகளோடு வசித்தது அந்தச் சிறு வீட்டில்தான். 1935 மே 12, அன்னையர் தினத்தன்று மாலை 5 மணிக்கு அவர் பில் வில்சனுக்கு அறிமுகப்படுத்தியவர், ஆக்ரனின் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித். பிற்காலத்தில் டாக்டர் பாப் என்றே உலகறிந்த அவர், குடி மயக்கம் தெளியாத நிலையில், கால் மணி நேரத்துக்குமேல் இருக்கமுடியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர். பேச்சு முடிய இரவு 11 மணி கடந்துவிட்டது. மருத்துவர்களும் பாதிரியார்களும் அதுவரை அவருக்கு எடுத்துரைத்தவற்றுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: எதிரே இருந்தவர் அறிவுரை எதுவும் கூறாமல் தம் குடியைப் பற்றி மட்டுமே பேசினார். காவல் இல்லத்தில் இப்போது இச்சந்திப்பை விளக்கும் கண்காட்சி ஒன்று அமைந்துள்ளது.

ஆர்ட்மோர் அவென்யூ 855ஆம் எண் வீடு இப்பயணத்தின் நடுநாயகம். மரங்கள் நிழல் பரப்பும் சாதாரணக் குடியிருப்புத் தெருவில், அண்டை வீடுகளிலிருந்து பிரித்தறிய முடியாத இரண்டடுக்கு வீடு அது. 2012இல் அமெரிக்க அரசு அதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. உள்ளே நுழைவோரைத் தன்னார்வலர்கள் ‘வீட்டுக்கு நல்வரவு’ என்று கூறி வரவேற்பதும், சமையலறையில் காப்பி இருப்பதும் வழக்கம். அந்தக் கோடை முழுவதும் பில் வில்சன் இங்கேயே தங்கினார். இடையில் டாக்டர் பாப் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவச் சங்க மாநாட்டுக்குச் சென்று நிலைதடுமாறக் குடித்துத் திரும்பினார். மறுநாட்களில் ஓர் அறுவைச் சிகிச்சை காத்திருந்ததால், கைநடுக்கம் அடங்குவதற்கென்று பில் வில்சனே அவருக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். அதுவே அவர் கடைசியாகக் குடித்தது. ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10 அந்த நாள்தான். ஆனால் மாநாடு தொடங்கியதே அத்தேதியில் என்பதைச் சுட்டி, உண்மையான நாள் ஒரு வாரமேனும் தள்ளியே இருக்க வேண்டும் என்று வரலாற்று ஆய்வாளர் சிலர் கூறுவர். திருவிழாவின் தேதியை அது மாற்றவில்லை.

இருவரும் அடுத்துச் செய்தது, மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, அங்கே குடியால் வந்து கிடப்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டது. நகர மருத்துவமனையில் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த வழக்கறிஞர் ஒருவர் இவ்வாறு மூன்றாமவரானார். இங்கு கவனிக்கத்தக்கது, கூட்டத்தைத் தேடி நோயாளி வருவதற்கு முன்னால், நோயாளியைத் தேடிக் கூட்டம் சென்றது என்பதாகும். அன்று கூட்டம் என்பதே ஆக்ஸ்ஃபோர்ட் குழுவினர் ஒருவரின் வரவேற்பறையில் புதன்கிழமை தோறும் நடந்த வழிபாட்டுக் கூடுகைதான். குடிநோயாளிகள் அதன் ஓரத்தில் அமர்ந்திருந்தார்கள். முகவரி எங்கும் அச்சிடப்படவில்லை, அழைத்து வருபவர் இன்றி எவரும் வந்துசேர வழியில்லை.

மருத்துவமனைக் கதவு திறந்த விதம் தனியே சொல்லத்தக்கது. கூச்சலிடுவார்கள், கட்டணம் செலுத்தமாட்டார்கள் என்ற காரணங்களால் அக்காலத்து மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்க்க மறுத்தன. கத்தோலிக்கர் நடத்திய செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் பணியாற்றிய அயர்லாந்துக்காரக் கன்னியாஸ்திரி சிஸ்டர் இக்னேஷியா, 1939 ஆகஸ்டில், டாக்டர் பாப் அழைத்து வந்த ஒருவரைக் கடும் இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்த நோயாளிக்கு, மலர்களை ஒழுங்குசெய்யப் பயன்பட்ட சிற்றறையே மறைவிடமாகக் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. டாக்டர் பாப் 1950 நவம்பரில் இறக்கும்வரை இருவருமாக ஏறத்தாழ 5,000 பேரைக் கவனித்தனர். குடிநோயாளிகளைச் சில நாட்கள் மட்டுமே தங்கவைக்கும் மருத்துவமனைப் பிரிவிலிருந்து வெளியேறுவோருக்குச் சிஸ்டர் இக்னேஷியா ஒரு திரு இருதயப் பதக்கத்தைக் கொடுத்து, மறுபடி குடிக்க நேர்ந்தால் முதலில் இதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பார். இன்று ஏ.ஏ. கூட்டங்களில் 24 மணி நேரம், ஒரு மாதம், ஓராண்டு என்று குடியற்ற காலத்தைக் குறித்து வழங்கப்படும் வில்லைகளுக்கு இதனை ஒரு முன்னோடியாகக் கருதுவோர் பலர். மவுண்ட் பீஸ் இடுகாட்டில் டாக்டர் பாப் அடக்கமான இடத்தில் ஏ.ஏ. என்ற சொல்லே பொறிக்கப்படவில்லை. கல்லின்மேல் வருவோர் வைத்துவிட்டுப்போகும் இந்த வில்லைகளைக் கண்டே வழி தெரியாதவர்களும் அக்கல்லை இனங்காண்கிறார்கள்.

ஆக்ரனிலிருந்து கிளீவ்லாண்டுக்கு வடக்கே செல்லும் வழி, குயஹோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் காடுகளையும் பழைய கால்வாய்க் கரைப் பாதையையும் ஒட்டிச் செல்கிறது. 1938, 39ஆம் ஆண்டுகளில் கிளீவ்லாண்டிலிருந்து குடிநோயாளிகள் வாரந்தோறும் இத்தொலைவைக் கடந்து ஆக்ரன் கூட்டத்துக்கு வந்துபோனார்கள். அவர்களுள் கத்தோலிக்கர் பலர். பிற சபையினரின் வழிபாட்டில், அதிலும் பலர் முன்னிலையில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் வழிபாட்டில் கலந்துகொள்வதை அவர்களின் திருச்சபை ஏற்கவில்லை. கிளாரன்ஸ் ஸ்னைடர் என்பவர் இதற்கொரு முடிவு கட்டி, 1939 மே 11 அன்று கிளீவ்லாண்ட் ஹைட்ஸ் புறநகரில் ஒரு வீட்டில் தனிக்கூட்டம் தொடங்கினார். ஒரு மாதத்துக்கு முன் வெளியாகியிருந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற நூலின் பெயரையே தன் பெயராக முதலில் சூட்டிக்கொண்ட குழு அதுதான். ஆக்ரன் ஏ.ஏ. அமைப்பின் பிறப்பிடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு சமய இயக்கத்தின் நிழலிலிருந்து விலகி, பெயரும் இடமும் நேரமும் கொண்ட, எவரும் நேரே வரக்கூடிய கூட்டம் என்ற வடிவத்தைக் கொடுத்தது கிளீவ்லாண்டே என்று கூறுவது மிகையாகாது. பயணிகள் பலர் அவ்வூரை விமான நிலையமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

அந்த ஆண்டு அக்டோபரில் கிளீவ்லாண்ட் பிளெயின் டீலர் நாளேடு இக்குழுவைப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டதும், உதவி கேட்டு நூற்றுக்கணக்கான அழைப்புகள் வந்து குவிந்தன. அழைப்பவர்களைச் சந்திக்க அனுபவமிக்கோர் போதாமையால், குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்கள்கூடப் புதியவர்களுக்குத் துணையாக அனுப்பப்பட்டனர். புதிதாக வருபவருக்குக் கைகொடுத்து வழிநடத்தும் இம்மூத்தவரே ஏ.ஏ. வழக்கில் ஸ்பான்சர் எனப்படுபவர். ஒரே அறையில் அடங்காத கூட்டம் பல அறைகளாகப் பிரிந்தபோது, எந்த அறை எந்தக் கிழமை என்று யாரேனும் குறித்துவைக்க வேண்டியிருந்தது. உள்ளூர்க் குழுக்கள் பொதுவாக நடத்தும் ஒருங்கிணைப்பு அலுவலகமும், அச்சிட்ட கூட்டப் பட்டியலும், தொலைபேசியை எடுக்கும் தன்னார்வலரும் எங்கும் நிலைபெற்றதற்குப் பின்னணி இத்தகைய நெருக்கடிதான். 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் வார இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை, ஏறத்தாழ 2,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கையை அவ்வாண்டு முடிவதற்குள் 8,000 ஆக உயர்த்தியபோது, அதே நெருக்கடி நாடு முழுவதற்கும் பரவிற்று.

விளம்பரத்தின் மறுபக்கத்தையும் கிளீவ்லாண்டே முதலில் கண்டது. அந்நகரின் பேஸ்பால் அணி வீரர் ரோலி ஹெம்ஸ்லி, குடிகாரர் என்று பெயரெடுத்திருந்தவர், தாம் ஏ.ஏ. வழியாகத் திருந்தியதாக 1940இல் பத்திரிகைகளிடம் அறிவித்தார். ஆட்கள் திரண்டு வந்தார்கள் என்றாலும், நாளை அவரே மறுபடி குடித்தால் அமைப்பின் கதி என்ன என்ற கேள்வி எழாமல் இல்லை. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் தம் பெயரை வெளியிடலாகாது என்ற விதி, 1950 ஜூலையில் கிளீவ்லாண்டில் கூடிய முதல் சர்வதேச மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளுள் இடம்பெற்றது. வெளி நன்கொடை பெறாமல் உறுப்பினர் தரும் சில்லறையைக் கொண்டே வாடகை செலுத்த வேண்டும் என்பதும், பொது விவாதங்களில் அமைப்பு எக்கருத்தும் கூறலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். தமிழ் வாசகருக்கு இவற்றுள் கடைசியானது வியப்பளிக்கலாம். ஆக்ரனில் ஏ.ஏ. தோன்றிய இரண்டே ஆண்டுகளில், 1937 அக்டோபர் 1ஆம் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அன்றுமுதல் இன்றைய டாஸ்மாக் எதிர்ப்புவரை, குடி என்பது தமிழகத்தில் சட்டத்தோடும் மறியலோடும் தேர்தலோடும் பிணைந்த பொருளாகவே இருந்துவருகிறது. நாடு தழுவிய மதுவிலக்கை 13 ஆண்டுகள் நடத்திப் பார்த்து 1933 டிசம்பரில் கைவிட்ட அமெரிக்காவில் பிறந்த அமைப்போ, மதுக்கடை திறந்திருக்கலாமா கூடாதா என்பதுபற்றி வாய் திறப்பதில்லை.

இன்று ஆக்ரனில் இறங்கும் ஒருவர் கூட்டத்தைக் கண்டுபிடிக்கப் பாதிரியார்களின் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. ஏ.ஏ. வெளியிடும் கைபேசிச் செயலியில், நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எத்தனை மணிக்கு, எந்த வகைக் கூட்டம் என்பது தெரிந்துவிடுகிறது. வகைகளைக் குறிக்கும் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். ஓப்பன் என்று குறிக்கப்பட்டது எவரும் வரக்கூடியது. க்ளோஸ்டு என்பது குடியை விட விரும்புவோருக்கு மட்டும். நூல் படிக்கும் கூட்டம், குடியிலிருந்து மீள்வதற்கு ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை விவாதிக்கும் கூட்டம், பெண்களுக்கான கூட்டம், ஸ்பானிய மொழிக் கூட்டம் என்று மேலும் பல பிரிவுகள் உண்டு. ஒருவரே நெடுநேரம் தம் கதையைச் சொல்லும் கூட்டத்தை ஒஹாயோக்காரர்கள் லீட் என்பார்கள். பிற மாநிலத்தவர் அதனை ஸ்பீக்கர் மீட்டிங் என்று கேட்டுப் பழகியவர்கள். அலுவலகம் செல்வோருக்காக விடியற்காலையிலும், உணவு இடைவேளையிலும், பணி முடிந்த மாலையிலும் நேரங்கள் அமைந்திருக்கும். இடம் பெரும்பாலும் தேவாலயத்தின் நிலவறை. வாடகை குறைவு, காப்பி போட வசதி உண்டு, வார நாட்களில் காலியாகக் கிடக்கும் என்பவற்றைத் தவிர அத்தேவாலயத்துக்கும் கூட்டத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டியதில்லை. முன்வாசல் பூட்டியிருக்க, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய பக்கவாசல் மட்டும் திறந்திருப்பது வழக்கம் என்பதால், முதன்முதலாக வருபவர் கட்டடத்தைச் சுற்றிவந்து, வாசலில் புகைபிடித்து நிற்போரைப் பார்த்து இடத்தை உறுதிசெய்துகொள்கிறார்.

இவ்வறைகளுக்கு எல்லோரும் விரும்பி வருவதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களை ஏ.ஏ. கூட்டத்துக்குச் செல்லுமாறு பணிக்கும் நீதிமன்றங்கள் அமெரிக்காவில் பல. அத்தகையோர் கூட்ட முடிவில் கையொப்பம் பெறுவதற்கு ஒரு தாளோடு காத்திருப்பதைக் காணலாம். ஏ.ஏ. அமைப்பின் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவதால், கைதிகளை இவ்வாறு கட்டாயப்படுத்துவது அரசு சமயத்தைத் திணிப்பதாகும் என்று 1996இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் கூட்டாட்சி முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் தீர்ப்பளித்தன. சமயச் சாயலை ஏற்காதோருக்கு, அறிவியல் உளவியலைச் சார்ந்த ஸ்மார்ட் ரெகவரி, பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட விமன் ஃபார் சொப்ரைட்டி போன்ற வேறு குழுக்களும் உண்டு. பலன் பற்றிய ஐயத்துக்கு, 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு ஓரளவு விடை தருகிறது: 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய அம்மதிப்பாய்வு, நோயாளிகளை முறையாக ஏ.ஏ. கூட்டங்களோடு இணைத்துவிடும் சிகிச்சைகள், இடைவிடாமல் குடியைத் தவிர்க்கச் செய்வதில், பிற உளவியல் சிகிச்சைகளைவிட மேம்பட்டிருப்பதாகக் கண்டது. ஆயினும் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும், உயிருக்கே ஆபத்தான பிதற்றல் நிலையும் ஏற்படக்கூடும். அதற்கு மருத்துவமனையே இடம், கூட்டம் அதன் பிறகுதான். டாக்டர் பாபும் சிஸ்டர் இக்னேஷியாவும் கட்டிலை முதலில் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தை அறிந்த தமிழருக்கு இவ்வரிசை புதிதன்று.

ஜூன் 10ஐ ஒட்டிய வார இறுதியில் நடக்கும் நிறுவனர் விழாவின்போது ஆக்ரன் பல்கலைக்கழக விடுதிகளும் சுற்றுப்புற ஹோட்டல்களும் நிரம்பிவிடுகின்றன. ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள் ஊர்வலமொன்று இடுகாட்டுக்குச் செல்கிறது. குடிநோய் இல்லாதவரும் அவ்விழாவுக்கு வரலாம், ஆர்ட்மோர் அவென்யூ வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம், ஓப்பன் என்று குறித்த கூட்டங்களில் கடைசி வரிசையில் அமரலாம். க்ளோஸ்டு கூட்டம் தொடங்குமுன், இது யாருக்கான கூட்டம் என்று நடத்துநர் வாசிக்கும் அறிவிப்பைக் கேட்டதும் அவர்கள் எழுந்து வெளியேறுவதே முறை. ஆக்ரனைப் பற்றி வெளியார் எழுதியவை எல்லாம், இக்கட்டுரை உட்பட, கதவின் இந்தப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவையே.